மூன்றாவது கேள்வி

கிருத்தி,

நீ குளித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டேன். பீன்யாவில் ஒரு கம்பெனியில் பத்து மணிக்கு இன்டர்வியூ. கேஸ்காரர் வருவார், காலி சிலிண்டரை வாசலில் வைத்திருக்கிறேன். தோசை மாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டேன்.

எனக்கு வேலை போன மறுநாளே, பொழுது வீணாகக் கூடாது என்று நீ ஆரம்பித்த காலை மீட்டிங் நல்ல யோசனைதான். ஆபீஸில் போலவே, காபியோடு நின்றபடி மூன்று கேள்விகள்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், ஏதாவது தடை இருக்கிறதா. மூன்றாவதற்கு ஐம்பது நாளாக "ஒண்ணுமில்ல" என்றே சொல்லிவந்தேன். நேற்று நீ, "சும்மா ஒப்பிக்காத ஹரிஷ், நெஜத்த சொல்லு" என்றாய். கத்திவிட்டேன். இன்றும் கேட்பாய் என்று பயந்துதான் சொல்லாமல் ஓடுகிறேன்.

இன்னொரு சாவி செருப்பு ஸ்டாண்டின் மேல் இருக்கிறது.

பி.கு. நான் படிக்கும் ஆன்லைன் கோர்ஸ் முடியப்போகிறது என்று மீட்டிங்கில் சொன்னதும் பொய். பத்து நாளாக ஒரே பாடம்தான் ஓடுகிறது. மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன். தடை: பயம்.

இந்த வேலையும் கிடைக்காவிட்டால், நாளைக் காலையில் கேட்காமல் இருந்துவிடாதே.

ஹரிஷ்