தொப்பியில் இருந்த காக்கை

அக்டோபர் 24

ஆற்றோரப் புல்லெல்லாம் உறைபனி. தண்ணீர் மட்டும் உறையவில்லை. அடியிலிருந்து வெதுவெதுப்பாக ஊறிக்கொண்டே இருப்பதால் எங்கள் சில்காட் ஆறு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் உறையும். அதை நம்பிச் சால்மன் மீன்கள் தாமதமாக ஏறி வருகின்றன. சால்மன்களை நம்பிக் கழுகுகள். எதிர்க்கரையின் மொட்டை மரங்களில், யாரோ துவைத்துக் காயப்போட்ட மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

அவற்றைப் பேருந்தில் வருகிறவர்களுக்குக் காட்டுவதுதான் என் புது வேலை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஊருக்கே பெருமை. ஆனால் பட்டம் வாங்கிய வாய் இன்னும் திறக்கவில்லை. இன்று ஒரு பெரியவர் ஒரு பழுப்புப் பறவையைக் காட்டி அது என்ன என்று கேட்டார். அதுவும் வெண்தலைக் கழுகுதான், தலை வெளுக்க நாலைந்து வருஷமாகும், நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, அலகைப் பாருங்கள் என்றெல்லாம் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. அவர் மனைவியிடம், "என்ன சொல்லுது இந்தப் பொண்ணு?" என்றார்.

பேருந்து ஓட்டி வந்தவன்தான் உரக்கத் திருப்பிச் சொன்னான். "அதுவும் கழுகுதானாம். இன்னும் தலை நரைக்கலையாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அக்டோபர் 25

அவன் பெயர் எமில். கப்பலில் போக வேண்டிய ஊரான ஹூனாவிலிருந்து இந்தப் பருவ வேலைக்கு வந்திருக்கிறானாம்.

அக்டோபர் 30

இப்போது ஒரு வழக்கம் ஆகிவிட்டது. நான் மெதுவாகச் சொல்வேன், எமில் ஊருக்குக் கேட்கச் சொல்வான். நடுநடுவே சொந்தச் சரக்கும் சேர்ப்பான். கழுகுகள் ஏன் நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கின்றன என்று ஒரு அம்மா கேட்டார். குளிரில் தெம்பை வீணாக்காது, இன்னொரு கழுகு பிடித்த மீனைப் பிடுங்குவது அதற்குச் சுலபம் என்றேன்.

"அப்படியே எங்க மாமாதான்" என்றான் எமில்.

மதியம் கோட்டுப் பையிலிருந்து புகைபோட்ட மீனை எடுத்து நீட்டினான். அவன் அம்மா போட்டதாம். எங்கள் வீட்டு மீனைவிட நன்றாக இருந்தது. இதை அம்மா படிக்கக் கூடாது.

காலையில் பேருந்துச் சத்தம் கேட்டால் கழுகைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சாலையைப் பார்க்கிறேன். ஏன்? ஏன் என்று எனக்குத் தெரியாதாக்கும்.

நவம்பர் 2

இன்று மழை இல்லை. எமில் கோட்டின் தலைமூடியைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தான். உள்ளே ஒரு பழைய தொப்பி. அதில் அண்டங்காக்கை. கடைப் படம் இல்லை, நம் பழங்குடி ஆட்கள் வரைகிற காக்கை, கண்ணுக்குள் கண் வைத்து.

எங்கள் குடியில் பிறந்தவர்கள் ஒன்று காக்கைப் பக்கம், இல்லாவிட்டால் கழுகுப் பக்கம்; அது அம்மா வழியாக வரும். நான் காக்கைப் பக்கம். அம்மா காக்கை, அதனால் நானும். அவனும் காக்கை என்றால் அண்ணன் முறை. எந்த ஊரில் பிறந்திருந்தாலும் காக்கைக்குக் காக்கை கூடப்பிறந்ததுதான். கட்டிக்கொள்வதானால் கழுகுப் பக்கம் போக வேண்டும்.

கேட்டுவிடலாமா, எந்தப் பக்கம் என்று? கேட்டால் எதற்குக் கேட்கிறாள் என்று தெரிந்துவிடும். தொப்பியே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன கேள்வி.

சரி. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

நவம்பர் 3

"இந்தத் தொலைநோக்கியக் கொஞ்சம் பிடிங்கண்ணா" என்றேன். அவன் என்னையும் என் கோட்டையும் ஒரு கணம் பார்த்தான்.

"சரி தங்கச்சி" என்றான்.

நவம்பர் 4

கழுகுகள் நிறைய. அண்ணன் ஒருத்தன்.

நவம்பர் 12

இன்று சிரித்து வயிறு வலிக்கிறது. கூழாங்கல் திட்டில் ஒரு கழுகு மீனைக் காலடியில் வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு அண்டங்காக்கை நடந்து வந்து அதன் வாலைப் பிடித்து இழுத்தது. கழுகு திரும்ப, இன்னொரு காக்கை முன்னாலிருந்து ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு பறந்துவிட்டது. வாலை இழுத்தது ஒன்றும் அறியாத மாதிரி வானத்தைப் பார்த்தது. பேருந்து ஆட்கள் கைதட்டினார்கள்.

"நம்ம ஆளு இப்படி ஏமாந்துட்டானே" என்றான் எமில்.

வீட்டுக்கு வந்த பிறகு யோசிக்கிறேன். ஏமாந்தது கழுகு. நம்ம ஆள் காக்கை அல்லவா? அண்ணனுக்குப் பேசவும் தெரியவில்லை.

நவம்பர் 21

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

வெர்னா சித்தி, அம்மாவின் தங்கை, மூஸ் மான் சூப்பும் பொரித்த ரொட்டியும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கே வந்துவிட்டாள். எனக்கு நாலு வாரமாக வராத கேள்வி அவளுக்கு வண்டியிலிருந்து இறங்கும்போதே வந்தது.

"யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ? எந்தப் பக்கம்?"

"ஹூனாங்க. எங்கம்மா கழுகுப் பக்கம். அப்பாதான் காக்கை."

"அப்போ தலையில இருக்கறது?"

"அப்பா தொப்பிங்க. என்னோடது காத்துல பறந்து ஆத்தோட போயிடுச்சு." பிறகு என் கோட்டுக் கையில் தைத்திருந்த கழுகைக் காட்டினான். "இவங்களும் நம்ம கழுகுப் பக்கம்னு… அதனாலதான் அண்ணாங்கறாங்கன்னு…"

"அது ஆபீஸ்ல குடுத்த கோட்டு!" என்றேன்.

பேருந்து ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க்கரையில் இரண்டு கழுகுகள் எழுந்து பறந்தன. யாரும் எனக்காகத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சித்தி சூப்புச் சட்டியைப் பார்த்துச் சொன்னாள். "நாலு வருஷம் பறவையப் படிச்சா. பக்கத்துல நிக்கறது காக்காவா கழுகான்னு தெரியல."

எமில் தொப்பியைக் கழற்றிக் கையில் திருகிக்கொண்டு நின்றான். அவன் காது சிவந்து நான் பார்த்ததில்லை. கடைசியில், "தங்கச்சின்னு சொன்னதெல்லாம் வாபஸ்ங்க" என்றான்.

நான் ஆறிப்போன சூப்பைக் குடித்தேன். சிரிப்பு வந்து புரையேறியது.

நவம்பர் 22

சித்தி வாயில் விஷயம் நிற்குமா? அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா கழுகுப் பக்கம். "இத்தனை வருஷமா இந்த வீட்டுல காக்காக் கூட்டத்துக்கு நடுவுல நான் ஒத்தக் கழுகு. துணைக்கு ஒண்ணு வந்தா வரட்டுமே" என்றார். அம்மா கரண்டியைக் காட்டினாள்.

நவம்பர் 25

பனி கொட்டியது. சாலை மூடல், பேருந்து இல்லை. கழுகுகள் அசையவே இல்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

நவம்பர் 26

பேருந்து வந்தது.

டிசம்பர் 16

ஓரங்களில் பனிக்கட்டி கட்டிவிட்டது. மரங்களில் பாதி காலி. எமிலின் வேலை போன வாரமே முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக் கப்பலும் ஹூனாவுக்குப் போய்விட்டது.

இன்று நாலே பேர் வந்தார்கள். நானே பேசினேன். பின்வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. பழுப்புக் கழுகைக் காட்டி, நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்றபோது பக்கத்திலிருந்து ஒரு செருமல். அதைக் கேட்காத மாதிரி தொடர்ந்து பேசினேன்.

அவர்கள் போன பிறகு திட்டில் அந்தக் காக்கை மறுபடி வந்தது. அதேதான் என்று நினைக்கிறேன். கழுகின் வாலை இழுத்தது. கழுகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரடி நகர்ந்து இடம் விட்டது.

பக்கத்துக் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, கேட்காமலே, புகைபோட்ட மீனை எடுத்துக் கடித்தேன். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், கப்பல் ஏறாத எமில் சொன்னான்:

"ஒரு துண்டு எனக்கும் வை, காக்கா."

அவன் அப்பாவின் காக்கைத் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் பெரிதுதான்.