வண்டி மேல் நின்று சொன்னது

வில்லோ பென்ட், நெப்ராஸ்கா
1897 அக்டோபர்

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் ஹில்டா எழுதுகிறாள்.

பக்கத்துப் பண்ணை மாடுகள் அவள் மக்காச்சோளத்தை மேய்ந்த வழக்கு திங்கட்கிழமை மாநில உச்ச நீதிமன்றத்தில், நீதிபதியான உன் முன்னால் வந்தது. நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். "வேலி இல்லாத வயலுக்கும் நஷ்டஈடு உண்டான்னு, சட்டம் எழுதுனவங்க மனசுல என்ன இருந்துச்சோ, யாருக்குத் தெரியும் வக்கீலய்யா?" என்று கேட்டாய். நான் எழுந்தேன். "உக்காருப்பா, ஜெயில்ல போட்டுருவாங்க" என்று ஹில்டா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

அந்தச் சட்டத்தை எழுதியது நீதானே? இருபத்தாறு வருடத்துக்கு முன், சட்டசபைக்கு ஓட்டுக் கேட்டு என் வண்டி மேல் ஏறி நின்றாய். "வேலி போட வழியில்லாதவன் வயலுக்குத்தான்யா நான் கொண்டுவரப்போற இந்தச் சட்டம்" என்றாய். மழை தூறியது. குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். மறந்துவிட்டாயா, அல்லது அந்தக் கறுப்பு அங்கியைப் போட்டால் மறந்தாக வேண்டுமா?

தோற்றால் நிலம் போய்விடும் என்பதைச் சொல்ல வேண்டாம் என்றாள் ஹில்டா. சொன்னேன், எழுதிவிட்டாள்.

மறந்திருந்தால், வண்டி இன்னும் என் கொட்டகையில்தான் நிற்கிறது. தீர்ப்பு எழுதும் முன் வந்து, ஒருமுறை ஏறி நின்று பார்.

உன் பழைய வண்டிக்காரன்