பலகைக்கு இந்தப் பக்கம்

என் தங்க நைனா,

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே கடைத்தெருவில், கப்பலேறிப் பத்தாவியா போனவர்களுக்கு ஓலை எழுதித் தருகிறாரே ஒருவர், அவர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் பேசுவதை அவர் ஒழுங்கான தமிழாக்கி எழுதுகிறார். "எந்த ஊருக்கும்மா அனுப்பணும்?" என்று கேட்டார். "எங்க நைனாவுக்கு. செத்துட்டாரு" என்றேன். எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

உன்னிடம் சண்டை போடத்தான் வந்திருக்கிறேன். நீ போனதற்கு இல்லை. காய்ச்சலுக்கு யார் என்ன செய்ய முடியும்? போகிற நேரத்திலும் உன் தம்பியைத்தானே தேடினாய், அதற்கு.

ஊரே உன்னைப் பற்றிப் பேசுகிறது. அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகிற படகை, ஆணி ஒன்றுகூட அடிக்காமல் கயிற்றாலேயே தைக்க உன்னை மாதிரி ஆள் கிடையாதாம். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த மூச்சிலேயே, "அண்ணனும் தம்பியும் குந்தினா..." என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சித்தப்பா பேர் இல்லாமல் உன் பேரைச் சொல்ல இந்த ஊரில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எனக்கு வயிறு எரிகிறது நைனா. சாவுக்கு வந்தவர்களும் முதலில் அவர் கையைத்தான் பிடித்தார்கள். உனக்கு ஒரே ஒரு மகள் இருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு நினைவு வந்தது.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். படகு தைக்க இரண்டு பேர் வேண்டும். வெளிப்பக்கம் நீ, உள்பக்கம் அவர். பலகைத் துளையில் நீ கயிற்றை விடுவாய். அவர் வாங்கி இழுத்துத் திருப்பி அனுப்புவார். பகல் முழுக்கப் பலகை வழியாகவே பேசிக்கொண்டிருப்பீர்கள். திடீரென்று நீ சிரிப்பாய், உள்ளேயிருந்து அவரும் சிரிப்பார். அந்தக் கயிற்றைத் திரித்தவள் நான். தேங்காய் நாரை ஊறவைத்து, அடித்து, உள்ளங்கைத் தோல் உரிய உரியத் திரித்துக் கொடுத்தேன். கஞ்சி கொண்டுவந்து உன் எதிரே மணலில் குந்தி, "இன்னா நைனா சிரிக்கற?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்லம்மா, அவன் ஏதோ சொன்னான்" என்பாய். அந்த ஏதோ என்னவென்று ஒருநாளும் சொன்னதில்லை.

மடவை மீன் தலையை எடுத்து அவருக்கு வைப்பாய். எனக்கு நடுத்துண்டு. நடுத்துண்டு யாருக்கு வேண்டும்? அவரைச் சின்ன நைனா என்று கூப்பிடச் சொல்லி எத்தனை தடவை சொன்னாய்! நான் சித்தப்பா என்றே கூப்பிட்டேன். எனக்கு ஒரு நைனா போதும். தாய் தகப்பன் இல்லாமல் நீ தோளில் தூக்கி வளர்த்த தம்பி, தெரியும். தெரிந்துவிட்டால் எரிச்சல் குறைந்துவிடுமா?

கடைசி நாளில் உனக்குப் பேச்சு நின்றுவிட்டது. நான் தலைமாட்டில் இருந்தேன். நீ கையைத் தூக்கிக் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினாய். "தண்ணியா நைனா?" என்றேன். மறுபடியும் தட்டினாய். போர்வையைத் தந்தேன், தள்ளிவிட்டாய். வாசலில் நின்ற சித்தப்பா உள்ளே வந்து, கட்டில் காலில் இரண்டு தட்டுத் தட்டினார். உன் முகம் தெளிந்தது. அதோடு கண்ணை மூடிவிட்டாய். பெற்ற மகள் பக்கத்தில் இருக்க, கடைசிப் பேச்சை அவரோடு பேசிவிட்டுப் போனவன் நீ. அதை நான் எப்படி மறப்பேன்?

அதனால்தான் அவர் ஏரியைக் கடந்து, நான் வாக்கப்பட்ட பசியாவரத்தில் என் வீட்டுக்கு வந்தபோது முகம் கொடுக்கவில்லை. நீ பாதியில் விட்ட படகு விஷயமாக வந்திருந்தார். தைக்கிற இருவரில் ஒருவர் நடுவில் இறந்தால் அவர் இடத்தில் அவருடைய ரத்தம்தான் உட்கார வேண்டும். இல்லையென்றால் படகைப் பலகை பலகையாகப் பிரித்துவிட வேண்டும் என்பது உங்கள் தொழில் வழக்கம். தம்பி ஏற்கெனவே உள்பக்கத்து ஆள். மிச்சம் நான் ஒருத்திதான்.

"நீ வரலைன்னா பிரிச்சிடுவாங்கம்மா. அண்ணன் கடைசியா தச்சது."

"பிரிக்கட்டும். உங்க ரெண்டு பேரு படகுதானே, என்னை எதுக்குக் கூப்புடறீங்க?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வாடைக்காற்று தொடங்குகிற நேரம். பிரிக்க ஆள் வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டுத் தோணி ஏறினேன். உனக்காகத்தான், அவருக்காக இல்லை. முடிச்சில் கத்தி வைத்தவனை ஓர் அதட்டு அதட்டினேன். "கைய எடுய்யா! எங்க நைனா எடத்துல நான் குந்தறேன்." பொம்பளையா என்று யாரோ முனகினார்கள். "இந்தக் கயிறு திரிச்சது இன்னா, உங்க தாத்தாவா?" என்று கேட்டேன். கத்தி வைத்தவன் எழுந்து இடம் விட்டான்.

உன் இடத்தில் உட்கார்ந்தேன். சித்தப்பா படகுக்குள் இறங்கினார். கயிற்றைத் துளையில் விட்டேன், அவர் இழுத்தார். எப்போது விடுவது என்று தெரியாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பலகையில் இரண்டு தட்டு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா சித்தப்பா அது, தட்றது?"

"நீ ஒரு தட்டு தட்டினா, 'புடிச்சிக்கினியா?'ன்னு கேக்கற. நான் ரெண்டு தட்டு தட்டினா, 'புடிச்சிக்கினேன், நீ கைய விடலாம்'னு அர்த்தம்."

அன்று கட்டிலில் எதைப் பிடித்துக்கொண்டாயா என்று கேட்டாய் நைனா? என்னையா? இந்தப் படகையா? அவரிடமே கேட்டேன். அவருக்கும் தெரியாதாம். "எதுவா இருந்தா இன்னா, புடிச்சிக்கினேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

இன்னும் நாலு துளை தைத்தோம். பிறகு பலகைக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, தைக்கறப்போ அண்ணன் மூஞ்சி எப்படி இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை.

"நான் எங்க பாத்தேன்? எனக்குப் பலகைதானே தெரியும். நீதான் கஞ்சி எடுத்தாந்து எதிர்க்க குந்திக்கினு அவரையே பாத்துக்கினு இருப்ப. உன்னை நெனச்சா எனக்கு அவ்ளோ வயித்தெரிச்சலா இருக்கும்."

அவருக்கு! என்மேல்! கயிறு கையிலிருந்து நழுவிவிட்டது. பேச்சை அவருக்கும் முகத்தை எனக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறாய். நான் இத்தனை வருஷமாக மீன் தலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொன்னேன். கயிற்றை இறுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாய், இடது கண் சுருங்கும், மூக்கு நுனியில் வியர்வை நிற்கும், துடைக்க மாட்டாய் என்றேன். உள்ளே அவர் கயிறு இழுப்பதை நிறுத்திவிட்டார். பிறகு, "இன்னும் சொல்லும்மா" என்றார்.

"சும்மா சொல்லுவேனா? இன்னா சொல்லிச் சிரிச்சீங்க ரெண்டு பேரும், அதைச் சொல்லு சின்ன நைனா."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. அவர் உன் பேச்சு ஒன்றைத் தருவார், நான் உன் முகம் ஒன்றைத் தருவேன். என் குழம்பைப் பற்றி நீ சொன்னதெல்லாம் வெளியே வந்துவிட்டது. அதை அங்கே வந்து பேசிக்கொள்கிறேன்.

எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதே. இன்றும் அவர் உன் பேச்சைச் சொல்லச் சொல்ல, இதெல்லாம் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இருக்கிறது. ஆனாலும் உன் படகை முடித்து அலை தாண்ட வைப்பேன், இது சத்தியம்.

ஒரே ஒரு முகத்தை மட்டும் அவருக்குத் தர மாட்டேன். கஞ்சிக் கலயத்தோடு நான் மணலில் வருவதைப் பார்த்ததும் கயிற்றை நிறுத்திவிட்டு நிமிர்வாயே, அந்த முகம். அது எப்படி இருக்கும் என்று இந்த ஓலைக்காரரும் எழுத்தாணியைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார். அவருக்கும் சொல்ல மாட்டேன்.

அதை நான் பிடித்துக்கொண்டேன் நைனா. நீ கையை விடலாம்.

உன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்
உன் ஒரே மகள்
செங்கம்மா