ஐசக்கிடம் பட்டு கேட்ட மூன்றாவது கேள்வி

செம்பாக்கம்,
6 ஜனவரி 2008

அன்புள்ள இளமாறன் தம்பிக்கு,

போன வருஷம் ஒருநாள் தொலைபேசியில் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "சார், வேலைக்கும் போய்க்கிட்டு இதையும் பாக்கணும். ரொம்ப மெனக்கெடாம நம்ம ஃபோரத்துக்கு ஆளுங்கள வரவைக்க ஏதாச்சும் வழி இருக்கா?" என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் நீங்களே ஒரு வழியைப் பிடித்துவிட்டீர்கள். அந்த வழிக்கு ஐசக் என்று பெயர் என்பது, போன வியாழக்கிழமை உங்கள் மின்னஞ்சலைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பதிலைத் தபாலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நான் அதன் முன் உட்கார்ந்தால் என் மனைவி பட்டுவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். "ஐசக் பதில் போட்டாரா?" என்பதுதான் அவள் முதல் பேச்சு.

உங்கள் தம்பி மோகன்ராஜ் காணாமல் போனபோது நீங்கள் இணையத்தில் தொடங்கிய இடம் நம் ஃபோரம். பிணவறையில் அவரை அடையாளம் காட்டிவிட்டு வந்த பிறகு நீங்கள் அதை மூடியிருக்கலாம். எங்களைப் போல இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காகத் திறந்தே வைத்தீர்கள். திருநீர்மலை கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பிய எங்கள் பிள்ளை உமேஷ் திரும்பி வராதபோது, அவன் போட்டோவைப் போட எனக்கு அந்த இடம் இருந்தது. இதை நான் மறக்கவில்லை. இந்தக் கடிதத்தில் எந்த வரி உங்களுக்குக் கடுமையாகப் பட்டாலும், இந்தப் பத்தியை மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

பேபி என்ற பெயரில் நீங்களே கேட்டு, அப்பாதுரை என்ற பெயரில் நீங்களே பதில் சொன்னதெல்லாம் போகட்டும். அதனால் யாருக்கும் காயமில்லை. ஆனால் ஐசக் என்ற பெயரில், உமேஷின் போட்டோவுக்குக் கீழே, "இந்தப் போட்டோவில் இருப்பவரைப் போல ஒருவரைப் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். சாயங்கால நேரம், டீ குடித்துக்கொண்டிருந்தார்" என்று எழுதினீர்கள். தெற்கே போகிற அத்தனை பேரும் வந்து நிற்கிற இடம், யாரையும் பார்த்திருக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த வாரம் வந்த கூட்டம் நம் ஃபோரத்துக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. நானும்தான் மகிழ்ந்தேன்.

அதுவரை பட்டு சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். மறுநாள் எழுந்து தலை வாரிக்கொண்டாள். ஃபிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு பெருங்களத்தூருக்குப் புறப்பட்டாள். அன்றிலிருந்து தினமும் போகிறாள். அங்கே டீக்கடை வைத்திருக்கும் எத்திராஜ் என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னா சார், அம்மா டெய்லி வந்து நின்னுகினு கீறாங்க. ஸ்டூல் போட்டு குந்தும்மான்னா, குந்தினா பஸ்ஸு மறைக்குதுன்றாங்க. எனக்கே பேஜாரா கீது சார்" என்றார்.

தீபாவளிக் கூட்டத்தில், திருநெல்வேலி பஸ்ஸின் படியில் நின்ற யாரையோ பார்த்து "உமேஷ்!" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பஸ்ஸை டிரைவர் நிறுத்தியதால் அத்தோடு போயிற்று. உங்களிடம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றுதான் சொன்னேன். எலும்பு சரியாகச் சேரவில்லை, இன்னும் கட்டு இருக்கிறது. அடுத்த வாரம் பொங்கல் கூட்டம் ஆரம்பித்துவிடும். "இந்தத் தடவை முன்னாடியே போய் நிக்கணும்" என்கிறாள்.

ஐசக் வேறு யாரையாவது பார்த்திருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அவர் பார்த்திருக்கார். நீங்க பார்க்கலையே" என்றாள்.

ஐசக்குக்கு அவள் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். இளைத்திருக்கிறானா என்று முதலில் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தார் அம்மா என்று பதில் வந்தது. டீயோடு ஏதாவது சாப்பிட்டானா என்று கேட்டாள். பன் சாப்பிட்டார் என்று வந்தது. அன்று அவளும் வயிறாரச் சாப்பிட்டாள். மூன்றாவதாக, டம்ளரை எந்தக் கையில் பிடித்திருந்தான் என்று கேட்டாள். உமேஷ் இடது கைக்காரன். போட்டோவில் அது தெரியாது.

அங்கேதான் உங்களுக்கு விரல் ஓடவில்லை. ஏதோ ஒரு கையை எழுதியிருக்கலாம், பாதிக்குப் பாதி பலித்திருக்கும். எழுதாமல் எனக்கு உண்மையைச் சொன்னீர்கள். உங்களோடு நான் இன்னும் பேசிக்கொண்டிருப்பது அதனால்தான்.

இப்போது உங்கள் பழைய கேள்விக்கு வருகிறேன். பள்ளியில் என் வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி வைத்தேன். பல நாள் காலியாகவே கிடந்தது. ஒருநாள் நானே ஒரு சீட்டு எழுதிப் போட்டேன்: "வானவில்லின் பின்பக்கம் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியவில்லை. – சாம்பசிவன்." பிரித்துப் படித்ததும் வகுப்பே சிரித்தது. ஒரு பயல், "சாருக்கே தெரியலையாம்டா!" என்று கத்தினான். மறுநாள் பெட்டியில் சீட்டுகள் கிடந்தன. முதல் சீட்டை நாமே போடலாம் தம்பி. அதில் நம் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெனக்கெடாத வழிகள் இன்னும் உண்டு. புதிதாக வருபவருக்கு அன்றைக்கே ஒரு வரி பதில் எழுதுங்கள். "படித்தேன்" என்றாலே போதும். ஜனங்கள் போனில் கேட்பதை அப்படியே தலைப்பாக வையுங்கள். "பையன காணோம், ஸ்டேஷன்ல என்ன எழுதிக் குடுக்கணும்" என்று தேடுகிறவர் அந்தச் சொற்களைப் போட்டுத்தானே தேடுவார்? பேப்பரில் வரும் விபத்துச் செய்திகளை வெட்டி ஒட்டுவதை மட்டும் விடுங்கள். அதைப் பார்க்கப் பயந்தே பாதிப்பேர் வருவதில்லை. வாரம் ஒருமுறை ஒரு சின்னக் கேள்வி போடுங்கள்: உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் குழம்பு பிடிக்கும்? எல்லோரும் எழுதுவார்கள், பாருங்கள். பட்டுவும் எழுதுவாள்.

உங்கள் அம்மா நேற்று போன் செய்தார்கள். "இன்னா வாத்தியாரே, என் புள்ள பொட்டியத் தட்டிகினே கெடந்தான், இப்ப அதுவும் இல்ல. துன்றதும் இல்ல, தூங்கறதும் இல்ல. பெங்களூர்ல போய் யாரு பாக்கறது? நீயாவது ரெண்டு திட்டு திட்டு" என்றார்கள். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே பேசினார்கள் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. திட்ட எனக்கு மனமில்லை. ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த முத்தாலம்மாளுக்கு நீங்கள் ஒருவர்தான் மிச்சம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஐசக்கை ஓசைப்படாமல் அழித்துவிட வேண்டாம். அழித்தால், பட்டு அவரையும் தேட ஆரம்பித்துவிடுவாள். உண்மையை நானே சொன்னால், அலைய வேண்டாம் என்பதற்காகப் பொய் சொல்கிறேன் என்பாள். உங்கள் கையெழுத்தில் வந்தால்தான் நம்புவாள். நம்பிய பிறகு மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பஸ் சக்கரத்தை என்னால் பார்த்துக்கொள்ள முடியாது.

நீங்களும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கதவு உங்களுக்கு எப்போதும் போலத் திறந்தே இருக்கும்.

கடிதத்தை மடித்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "அம்மா, ஐசக் என்று எழுதியது நான்தான். எந்தக் கை என்று எனக்குத் தெரியாது. நான் உமேஷைப் பார்க்கவில்லை" என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போட்டு, இன்றைக்கே தபாலில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
சாம்பசிவன்