பத்தாவது இரவும் ஒரு தலையணையும்

3 டிசம்பர் 2012, திங்கள்
மாஸ்க் போட்டு மூன்றாம் இரவு. ஒரு மணி நேரத்தில் பிய்த்து எறிந்துவிட்டேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம், அதனால்தான் பகலெல்லாம் இந்த அசதி என்கிறார் டாக்டர். காலை ஏழுக்கு, மாஸ்க்குக்குக் காற்று அனுப்பும் மெஷினின் கம்பெனியிலிருந்து மெசேஜ்: நேற்று எத்தனை மணி நேரம்? '1' என்று அனுப்பினேன். பதிலுக்கு ஒரு பாராட்டு வந்தது. பாராட்டு வேறு!

5, புதன்
எமி இன்றும் பஸ்ஸில்தான் போனாள். காலை ஏழு மணி ஜாவா வகுப்புக்கு மல்காஜ்கிரியிலிருந்து அமீர்பேட், இரண்டு பஸ். அக்டோபரில் தார்நாகா சிக்னல் அருகே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே நான் கண் அயர்ந்து இருவரும் விழுந்தோம். அவள் முழங்கையில் ஆறு தையல். அதன்பின் என் பின்னால் ஏறுவதில்லை. கூப்பிட்டால் "நக்கோ டாடி" என்று இந்த ஊர்ப் பாஷையில் மறுத்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

6, வியாழன்
மெஷினில் ஒரு கார்டு இருக்கிறது. எமிதான் அதை லேப்டாப்பில் செருகி கம்பெனி சைட்டில் ஏற்றுகிறாள். நாலு மணி நேரம் தாண்டினால் பச்சைக் கோடு, இல்லாவிட்டால் சிவப்பு. "தொடர்ந்து பத்து பச்சை வரட்டும் டாடி. அப்புறம் வண்டியில ஏறுதேன்."
பெற்ற பெண்ணிடம் மார்க் வாங்க வேண்டியிருக்கிறது.

8, சனி
கம்பெனியிலிருந்து மஹதி என்ற பெண் போன் செய்தாள். "டிவி பாக்கறச்சே அரை மணி போட்டுண்டு பழகுங்கோ தனசிங் சார்." போட்டேன். ஜெயசுந்தரி பார்த்துவிட்டு, "ஆனைத் தும்பிக்கை கணக்கா இருக்குங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும், என் குறட்டை தாங்காமல் வேறு அறைக்குப் படுக்கப் போனவள்தானே.

12, புதன்
4 மணி 10 நிமிடம். பச்சை!

20, வியாழன்
ஒன்பது பச்சை. இன்றிரவு பத்தாவது. இன்றிரவு பார்த்துத்தானா சபையின் கேரல் ரவுண்ட்ஸ் வர வேண்டும்? வீடு வீடாகப் போய் விடியும்வரை பாட்டு. அடிக்குரலில் பேஸ் பாட என்னை விட்டால் ஆளில்லை. மாஸ்க்கைத் தலையணைக்கு மாட்டி, மெஷினை ஓடவிட்டுப் போகிறேன். ஒரு ராத்திரிதானே?

21, வெள்ளி
ஏழு மணி நேரம், பச்சை. ஆனால் அதன் கீழே மூச்சுக்கென்று இன்னொரு கட்டம் இருந்தது. அது முழுக்கக் காலி.
"யாரு டாடி இது, ஏழு மணி நேரம் மூச்சே விடாமப் படுத்திருந்தது?"
தலையணை என்றேன். அவள் சிரிக்கவில்லை. "வண்டியில விழுந்த அன்னைக்கும் தூக்கமே வரலைன்னுதானே சொன்னீங்க."
அப்படியே போய்விட்டாள். வெட்கமாக இருக்கிறது. ஆமா, அன்னைக்கும் அப்படித்தான சொன்னேன் - கண்ணு சொருகிக்கிட்டு வந்தது எனக்குத் தெரியாதா?

22, சனி
மஹதிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருந்தா, விடிஞ்சு வந்து தூங்கறச்சே போட்டுக்கோங்கோன்னு சொல்லியிருப்பேனே சார்." இவ்வளவுதானா? கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.
மறுபடி ஒன்றிலிருந்து.

25, செவ்வாய்
கிறிஸ்துமஸ். நள்ளிரவு ஆராதனை முடிந்து வந்து, மாஸ்க்கோடு காலை எட்டரை வரை தூங்கினேன். பிரியாணிக்கு ஆட்டுக்கறி வாங்கத் தாமதம். ஜெயசுந்தரி திட்டவில்லை.

2 ஜனவரி 2013, புதன்
பத்து ஆகிவிட்டது. எமியிடம் சொல்லவில்லை. கார்டை அவளே எடுத்துப் பார்க்கட்டும்.

7, திங்கள்
காலையில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எமி ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். பின்னால் ஏறிக்கொண்டாள், வண்டியைக் கிளப்பினேன். தார்நாகா சிக்னல் தாண்டியதும் முதுகில் ஏதோ இடித்தது. அவள் ஹெல்மெட். "எமி" என்றேன். தூங்கிவிட்டிருந்தாள். ஓரமாக நிறுத்தினேன். எழுப்ப மனம் வரவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம்.