ஒட்டாத கவர்

மாப்ளே, கூரியரில் வந்த அந்தக் கறுப்புத் தட்டு மூன்று நாளாக என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. எடுக்கிறேன், நாலு பக்கம் படிக்கிறேன், கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். "என்ன, குட்டி போட்ட பூனையாட்டம் அலையுதிய?" என்று என் மனைவி கேட்டுவிட்டாள். நீ எழுதிய புத்தகம் இதற்குள் இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். "நல்ல விசயந்தானே, அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கிய?" என்றாள். மறுபடி வாசலுக்குப் போனேன்.

அனுப்பியவள் உன் மகள் சுமதி. உன் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் நீ யாருக்கும் காட்டாமல் தட்டி வைத்திருந்ததையெல்லாம் நீ கண்ணை மூடிய பிறகு திறந்து பார்த்திருக்கிறாள். நிருபராக இருந்த காலத்து நினைவுகள். சென்னையில் மின்புத்தகம் போடுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. அப்பா எழுதியதைச் சும்மா விடுவாளா? புத்தகமாக்கி, அதைப் படிக்கிற கருவியிலேயே ஏற்றி எனக்கு அனுப்பிவிட்டாள். "மாமா, அந்தக் காலத்து விசயம் உங்களுக்குத்தான் தெரியும். தப்பு இருந்தா சொல்லுங்க. நீங்க சரின்னு சொன்ன பொறவுதான் வெளியிடுவேன்" என்று போனில் சொன்னாள்.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் நீ சொன்ன தட்டுதான் இது. கையகலம். எழுத்தைப் பெரிதாக்கலாம். பக்கம் திருப்பினால் ஒரு கணம் கறுத்து வெளுக்கிறது. எத்தனை பக்கம் படித்தாலும் விரலில் ஒன்றும் ஒட்டுவதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் எழுத்தைப் படித்தால் என் விரல் நீலமாக வேண்டும். பத்து வருஷம் அப்படித்தான் படித்தேன், கார்பன் காப்பியில்.

நம் ஏற்பாட்டை இன்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். எண்பதுகளில் நீ ராஜபாளையத்தில் ஒரு பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்குப் போட்டிப் பத்திரிகைக்கு. இரண்டு ஊர்ச் செய்தியையும் இரண்டு பேரும் அனுப்ப வேண்டும் என்பது இரண்டு ஆபீசின் கட்டளை. அவன் பேப்பரில் வந்தது நம் பேப்பரில் இல்லையென்றால் மதுரையிலிருந்து ட்ரங்கால் போட்டு வறுத்தெடுப்பார்கள். "ஒருத்தன் எம்புட்டுத்தான் ரெண்டு ஊருக்கும் சைக்கிள் மிதிப்பான்? உன் ஊரை நீ பாரு, என் ஊரை நான் பாக்கேன்" என்று நீதான் ஆரம்பித்தாய்.

காலை ஷிப்டு மில் வேலை முடித்து, புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்க, போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, நகராட்சி என்று ஒரு சுற்று சுற்றி, கார்பன் வைத்து எழுதுவாய். நாலு மணி மதுரை பஸ்ஸில் கண்டக்டரிடம் உன் ஆபீஸ் கவரைக் கொடுத்துவிடுவாய். ஒட்டாமல். அரை மணியில் அந்த பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டுக்குள் நுழையும். மைதாப் பசை டப்பாவோடு நான் நிற்பேன். உன் கவரில் இருக்கும் கார்பன் காப்பியை எடுத்து என் கவரில் வைப்பேன், என்னுடைய காப்பியை உன் கவரில் வைப்பேன், இரண்டையும் ஒட்டி அதே கண்டக்டரிடம் கொடுப்பேன். மதுரையில் இரண்டு ஆபீஸ் ஆட்களும் அந்த ஒரே பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு வாங்கிப் போவார்களாம். போட்டிப் பத்திரிகையின் கவர் தினமும் வாயைத் திறந்துகொண்டு என் கைக்கு வந்தது. யாருக்காவது தெரிந்திருந்தால் உன் சீட்டு கிழிந்திருக்கும்.

சுந்தரபாண்டியத்தில் அமைச்சர் கட்டடம் திறந்த கதையை உன் புத்தகத்தில் படித்தேன். பாதியை நீ விழுங்கிவிட்டாய். விழா ஐந்து மணிக்கு, பஸ் நாலரைக்கு. விழா முடிந்து எழுதினால் செய்தி ஒரு நாள் பழசாகிவிடும் என்று, அமைச்சர் வந்தார், ரிப்பன் வெட்டினார், பலத்த கரவொலிக்கிடையே பேசினார் என்று முன்னாலேயே எழுதி ஒட்டி அனுப்பியவன் நான். அமைச்சர் வரவேயில்லை. கொட்டிய மழையில் பந்தல்தான் வந்து தரையைத் தொட்டது. மறுநாள் இரண்டு பேப்பரிலும் வராத அமைச்சர் பேசினார், அதே வரிகள், அதே கரவொலி. இரண்டு ஆபீசும் துள்ளின. நீ இரண்டு இடத்துக்கும் போன் போட்டு, "எழுதுனது நாந்தான், அவன் அன்னைக்கு ஒரு நாள் என்னைய நம்பி வாங்கிப் போட்டான்" என்று பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய். ஒரு மாதம் உன் செய்தி எதையும் உன் ஆபீஸ் போடவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று சண்டைக்கு வந்தேன். "எனக்கு மில்லு இருக்கு. உனக்கு இதை விட்டா என்னலே இருக்கு? இப்பத்தான் கல்யாணம் வேற ஆயிருக்கு" என்றாய். புத்தகத்தில்கூட என் பெயர் இல்லை. 'எங்களில் ஒருவர் அவசரப்பட்டுவிட்டார்' என்று போட்டிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும்தான் முதல் தடவை கருவியைக் கவிழ்த்து வைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்துக்குக் கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. மில் சட்டையோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தவன் நீ. "செருப்பை வெளியே விட்டுட்டுத்தான் போகணும் மாப்ளே, கோயிலாட்டம். ஏசி வேற. பஞ்சுத் தூசி மேல இருக்குன்னு என்னைய ரெண்டு தடவ உதறச் சொல்லிட்டாங்க" என்று சிரித்தாய். அன்றிலிருந்து உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இனி அச்சுக் கோப்பது இல்லை, எல்லாம் திரையில்தான். நிருபர் எழுதினால் அதே நிமிஷம் மதுரையில் தெரியும். ஒருநாள் கையகலத் தட்டில் பேப்பர் படிப்பான் பார் என்றெல்லாம் பேசினாய். "அப்ப வடைய எதுலலே மடிப்பான்?" என்று கேட்டேன். டீக்கடையே சிரித்தது. நீ மட்டும் சிரிக்காமல், "காகிதம் குறையும், செய்தி குறையாது" என்றாய்.

அந்தச் சமயத்தில்தான் உன் பத்திரிகையின் மதுரை ஆபீசில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்க ஆரம்பித்தார்கள். வெளியூர் நிருபர்களில் ஒருவரை எடுத்துப் பழக்கி உதவி ஆசிரியராக்குவதாக அறிவிப்பு வந்தது. கையால் எழுதிய விண்ணப்பம், வெள்ளிக்கிழமைக்குள், செய்திக் கவரோடு வர வேண்டும். வியாழக்கிழமை பஸ்ஸில் உன் கவர் வந்தது. மேலே பென்சிலில் ஒரு துண்டுச் சீட்டு: "மாப்ளே, உள்ளே என் விண்ணப்பம் இருக்கு. செத்த நேரம் படிச்சுப் பாத்துட்டு ஒட்டிரு. கிடைச்சா பால்கோவா என் செலவு."

படித்தேன். ஒன்றரைப் பக்கம். அப்படி ஒரு தமிழை அந்த பஸ் ஸ்டாண்டில் நின்று நான் படித்ததில்லை. மோசமாக எழுதியிருந்தால் சத்தியமாக அனுப்பியிருப்பேன். படித்து முடித்த நொடியில் இந்த வேலை உனக்குத்தான் என்று தெரிந்துபோயிற்று. நீ மதுரைக்குப் போய்விட்டால் ராஜபாளையத்துச் செய்திக்கு நான் எங்கே போவேன்? உன் இடத்துக்கு வருகிறவன் கவரை ஒட்டித்தான் அனுப்புவான். ஒரே மாதத்தில் என் ஆபீஸ் என்னைத் தூக்கிவிடும். வீட்டில் கைக்குழந்தை. டிரைவர் ஆரன் அடித்தார். விண்ணப்பத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, செய்தியை மட்டும் வைத்து உன் கவரை ஒட்டினேன். நாளைக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொன்னேன்.

வெள்ளிக்கிழமையும் பஸ் வந்தது, உன் கவர் வந்தது, பசை டப்பாவும் என் கையில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுத இப்போதும் கை வருகிறது. மறக்கவில்லை. பையில் இருந்த காகிதம் நெஞ்சில் குத்திக்கொண்டேதான் இருந்தது. பஸ் போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை நீயே நேரில் வந்தாய். மடவார் வளாகத்தில் என் வீட்டு முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்காமலே கேட்டாய்.

"ஒட்டினியாலே?"

"ஒட்டினேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

"நல்லாருக்கு" என்றேன். அந்த இரண்டு பதிலில் ஒன்று உண்மை என்று பல காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதுரையிலிருந்து உனக்கு ஒன்றும் வரவில்லை. வேறு ஊர்க்காரர் ஒருவருக்கு வேலை போயிற்று. நீ ஆபீசைத் திட்டுவாய், தபாலைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நீ யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் மட்டும் உனக்கு வந்தது. நாலு வரி விபத்துச் செய்தியானாலும், "நீ ஒரு தடவ பாத்துரு மாப்ளே" என்று சீட்டு வைத்தாய். சந்தா கேட்டு எழுதுகிற கடிதத்துக்குக்கூட. நானும் பேனாவை எடுத்து அங்கே ஒரு சொல், இங்கே ஒரு சொல் மாற்றுவேன். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்டவன்.

இத்தனையும் செய்து நான் காப்பாற்றிக்கொண்ட ஏற்பாடு எத்தனை நாள் ஓடியது என்கிறாய்? இரண்டே வருஷம். ஃபேக்ஸ் வந்தது. பஸ்ஸுக்குக் கவர் கொடுப்பது நின்றது. என் ஆபீஸ் இரண்டு ஊருக்கும் சேர்த்து என்னை முழுநேர நிருபராக்கியது. உன் ஆபீஸ் பகுதிநேர ஆட்களை நிறுத்திவிட்டது. நீ இன்னும் சில வருஷம் பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு கிடந்தாய். மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், ஃபேக்ஸ், டி.டி.பி. என்று போர்டு மாட்டினாய். என் செய்தி உன் கடை ஃபேக்ஸிலிருந்துதான் மதுரைக்குப் போயிற்று. எத்தனை தடவை அதில் இருந்த என் தப்பை நீ திருத்தியிருக்கிறாய்! "மாத்தலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் திருத்துவாய். பள்ளிக்கூடம் விட்டு வந்த சுமதி அந்தக் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை தட்டிக்கொண்டிருப்பாள்.

இப்போது கருவியின் கீழ்மூலையில் நாற்பத்து மூன்று சதவீதம் என்று காட்டுகிற இடத்துக்கு வருகிறேன். அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நீ எழுதியிருக்கிறாய்: 'மதுரைக்கு ஒரு விண்ணப்பம் போட்டேன். பதில்கூட வரவில்லை. என் எழுத்து அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலும். அதிலிருந்து எதை எழுதினாலும் என் தமிழ் மேல் எனக்கே ஒரு சந்தேகம். அதனால் இதையும் யாருக்கும் காட்டவில்லை.'

வேலை போயிற்று, வருமானம் போயிற்று, மில்லில் கிடந்து இருமினாய் என்றுதான் இத்தனை நாளும் என் கணக்கு. அதற்கே தூக்கம் கெட்டவன் நான். உன் தமிழையே உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்பது இந்த வயதில், இந்தத் தட்டில் படித்துத்தான் தெரிகிறது. அடப்பாவி, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. அதுதான் உட்கார விடாமல் துரத்துகிறது.

முந்தாநாள் சுமதி பேச்சுவாக்கில், "அப்பா அந்தக் கடையைப் போடலைன்னா நான் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன் மாமா" என்றாள். என் தப்பிலும் ஒரு நல்லது நடந்திருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாமா என ஒரு பொழுது முழுக்க யோசித்தேன், ஒளிப்பானேன். இன்னொன்றும் சொன்னாள். நம் காலம் மாதிரி மறுநாள் மூலையில் நாலு வரியில் வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லையாம். மின்புத்தகத்தை வெளியான பிறகும் திருத்தலாமாம், படிக்கிறவர் கையிலேயே மாறிக்கொள்ளுமாம். அதைக் கேட்டதும் என் மனசு, அப்படியானால் இப்போது சரி என்று சொல்லிவிடுவோம், மெல்ல ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம் என்றது. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நாளைக்கு அனுப்பலாம் என்று சொன்னதே, அதே குரல்.

இன்று மத்தியானம் பெட்டியைக் குடைந்து அந்த விண்ணப்பத்தை எடுத்தேன். ஆமாம், கிழிக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. மூன்று வீடு மாறியபோதும் கூடவே வந்தது. மடிப்பு இற்றுப்போயிருக்கிறது, எழுத்து அப்படியே இருக்கிறது. அதன் பின்னால் ஒரு சீட்டு வைத்து எழுதினேன்: 'சுமதி, நீ கேட்ட தப்பு நாற்பத்து மூன்றாம் சதவீதத்தில் இருக்கிறது. உன் அப்பாவின் எழுத்து அவர்களுக்குப் பிடிக்காமல் போகவில்லை. போய்ச் சேரவேயில்லை. ஏன் என்பதை இந்த மடலில் அவனுக்கு எழுதியிருக்கிறேன். முதலில் நீ படி. பிறகு என் பெயரைப் போட்டே திருத்து. சுந்தரபாண்டியத்தையும் சேர்த்து.'

அவள் இனி என்னை மாமா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ.

இந்தக் கடைசி வரிகளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கூரியர் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி நாலரை. மதுரை பஸ் ஒன்று உள்ளே நுழைகிறது. வீட்டிலிருந்து மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுவந்ததைப் பார்த்துக் கடைக்காரர், "எங்கிட்ட டேப்பு இருக்கு சார், அத ஒட்டிக்கிடலாம்" என்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். உன் விண்ணப்பத்தை உள்ளே வைத்துவிட்டேன். இதையும் மடித்து வைக்கிறேன். விரலெல்லாம் பிசுபிசுவென்று இருக்கிறது.

ஒட்டுகிறேன், மாப்ளே.