துபாஷிக்காக ஜெபித்தவர்கள்

அக்கா,

இன்று காலை வண்டியில் யாரோ தலைவலித் தைலத்தைத் திறந்தார்கள். பெண்கள் பெட்டி முழுக்க அந்த வாசனை. அசதியில் ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்த நான் சட்டென்று நிமிர்ந்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் எதிர் சீட்டைப் பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் உலகத்தை விட்டுப் போன பிறகும் இந்தக் கண் பழக்கத்தை விடமாட்டேன் என்கிறது.

வேப்பம்பட்டில் நீங்கள் ஏறுவீர்கள், திருநின்றவூரில் நான். இரண்டு பேருக்கும் அம்பத்தூரில் ஒரே தையல் கம்பெனி. ஆவடி வரைக்கும் பாட்டும் ஜெபமும். ஆவடி தாண்டினால் நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கதையை ஆரம்பிப்பீர்கள். அம்பத்தூர் வந்தால் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு இறங்கிவிடுவீர்கள். அண்ணனூரில் சிக்னலுக்காக வண்டி நின்றால் எங்களுக்குக் கொண்டாட்டம், கதை கொஞ்சம் நீளும். லேட்டாகப் போய் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது வேறு விஷயம்.

உங்கள் தாத்தாவின் அண்ணன் மலேயாத் தோட்டத்துக்குப் போனவர். யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில்பாதை போட அவரை இழுத்துக்கொண்டு போனதோடு சரி, திரும்பவில்லை. உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மீதியை நீங்களே கட்டினீர்கள். அதில் ஏசுவடியான் என்றொரு துபாஷி. ஜப்பான்காரன் சொல்வதைக் கூலிகளுக்குத் தமிழில் சொல்கிறவன். அவன் தம்பி, ஜப்பானோடு சேர்ந்து வெள்ளைக்காரனை விரட்டக் கிளம்பிய படையில் இருக்கிறான். ஜப்பான் ஜெயித்தால் ஊருக்கு விடுதலை என்று நம்புகிறான் துபாஷி. ஆனால் அதே ஜப்பான்காரன் கையில்தான் அவன் சனம் தினமும் செத்து விழுகிறது. மூங்கில் கொட்டகையில் அவர்களோடு முழங்கால் போட்டு ஜெபிப்பான், எழுந்ததும் அவர்களை வேலைக்கு விரட்டுவான்.

ஒருநாள் பெரிய அதிகாரி ஒருவர் வந்து, இவர்கள் விரும்பித்தான் வேலை செய்கிறார்களா என்று கேட்கிறார். இல்லை என்று சொன்னால் காய்ச்சலில் கிடப்பவர்களையாவது திருப்பி அனுப்புவார். எல்லாரும் துபாஷியின் வாயையே பார்க்கிறார்கள். அங்கே அம்பத்தூர் வந்துவிட்டது.

மறுநாள் காலைதான் அந்தக் கூத்து. பட்டாபிராமில் ஏறுகிற மேரி, மகளின் பிரசவத்துக்கும் மாமியாரின் முட்டி வலிக்கும் ஜெபிக்கச் சொன்ன கையோடு, ஏசுவடியானுக்காகவும் ஜெபிக்கச் சொன்னாள். கதையில் வருகிறவன் என்று யாருக்கும் உறைக்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எங்களோடு வருகிற செல்வி ஒரு படி மேலே போய், அவனுக்காகத் திருவேற்காட்டு அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உங்களைப் பார்த்தேன். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள்.

அன்று கதை இல்லை. அம்பத்தூர் பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னீர்கள். செங்குன்றம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கொத்தடிமையாகக் கிடந்த குடும்பம் உங்களுடையது என்று அன்றுதான் எனக்குத் தெரியும். உங்கள் நைனாதான் அங்கே மேஸ்திரி. விடுவிக்க வந்த அதிகாரிகள், எல்லாரும் விரும்பித்தான் இருக்கிறார்களா என்று அவரைத்தான் கேட்டார்களாம். எல்லாம் சொந்தக்காரங்க, இஷ்டப்பட்டுத்தான் கீறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் அந்த ஜனங்கள் வருடக்கணக்கில் நெல் அவித்துக்கொண்டு கிடந்தார்கள். உங்களை மட்டும் முதலாளி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

"அந்தப் பொய்லதாண்டி நான் பைபிள் படிக்கக் கத்துகினேன்" என்றீர்கள். "இப்ப எங்க நைனாவுக்கு இதுங்க ஜெபம் பண்ணுது. பெத்த பொண்ணு நான், ஒருநாளும் பண்ணதில்ல."

அதோடு கதை நகரவில்லை. துபாஷி வாயைத் திறக்காமலே நின்றான், நீங்களும் படுத்த படுக்கையாகிவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து, உண்மையைச் சொல்லி எல்லாரையும் காப்பாற்றிவிட்டான் என்று நானே முடித்துவிடட்டுமா என்று கேட்டேன். பாவம், அவர்கள் காத்திருக்கிறார்கள் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள்.

"பொய் சொல்ட்டான்னே சொல்லு. ஆனா அவனுக்கு ஒரு பொண்ணு கீதுன்னு சேத்துக்க. நான் அத்த சொல்லாமயே உட்டுட்டேன்."

இத்தனை நாளும் நான் அதைச் சொல்லவில்லை, அக்கா. வேலைக்குப் போகவே உடம்பில் தெம்பில்லை, உங்கள் கதைக்கு எங்கே போவேன்? ஆனால் தைல வாசனை செல்விக்கும் உங்களை நினைவூட்டியிருக்க வேண்டும். "அந்த துபாஷி கடைசில இன்னாதான் சொன்னான்?" என்று கேட்டாள். ஆவடி தாண்டியிருந்தது.

சொன்னேன். பொய் சொன்னான் என்றதும் மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்குத் தோட்டத்தில் ஒரு மகள் இருந்தாள், உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் கதி என்னவாகியிருக்குமோ என்றேன். உங்களால் இறக்கிவைக்க முடியாததை இனி நான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் இந்த அலுப்பு.

அம்பத்தூரில் இறங்க எழுந்தபோது மேரி என் கையைப் பிடித்தாள். நாளைக்கு ஜெபத்தில் அந்தப் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம், அவள் பேர் என்ன என்று கேட்டாள்.

உங்கள் பேரைச் சொன்னேன்.